கோடு கிழித்த கட்டம்

அப்பன் பெயர் தெரியாதவர்களுக்கு அப்பனைத் தேடிக் கொடுப்பதில் இந்தப் பள்ளத்தாக்கிலேயே நான்தான் கொம்பன் என்று நினைத்திருந்தேன். இதுவரை பதினோரு பேருக்குத் தேடிக் கொடுத்திருக்கிறேன். கல்யாணமாகாதவள் பிள்ளைக்கு நடுப்பெயராக எவன் பெயரை வைத்தாள், மாஜிஸ்திரேட் எவனைக் கூப்பிட்டு விசாரித்தார், சேப்பலில் எந்த மாதம் அவளைச் சபையை விட்டு நீக்கினார்கள், இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

நெஸ்தா முதலில் என்னிடம் வந்ததும் அதற்காகத்தான். அவள் அம்மா லெய்சா எங்கள் ஊர் ஹெபோக் பண்ணையில் வேலைக்காரியாக இருந்தவள். சபை நீக்கியதும் வயிற்றுப் பிள்ளையோடு ஸ்வான்சீ நகரில் இருந்த அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். 1964 மே மாதம் நெஸ்தா பிறந்தாள். யார் அப்பா என்று லெய்சா சாகும்வரை வாய் திறக்கவில்லை. நெஸ்தாவின் முதல் கல்யாணத்தில், பதிவேட்டில் அப்பா பெயர் எழுதும் கட்டத்தில் பதிவாளர் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தாராம்.

"சர்ருன்னு ஒரு சத்தம். சேப்பல் முழுக்கக் கேட்டுச்சு. முப்பத்தெட்டு வருஷமாச்சு, இன்னும் காதுலயே இருக்கு," என்றாள்.

புருஷன் போன பிறகு அம்மாவின் ஊரைப் பார்க்க வந்தவள், இங்கேயே ஒரு சின்ன வீடு பிடித்துத் தங்கிவிட்டாள். வாரம் ஒருமுறை என் எய்தின் பண்ணைக்கு வருவாள். பழைய காகிதங்களைப் புரட்டுவோம், தேநீர் குடிப்போம். அவளுக்கு இடது கைச் சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருக்கும். எனக்கும் அப்படித்தான். "ஒரே கொல்லன் அடிச்ச விரல் போல," என்று நான் கேலி செய்வேன். ஐம்பத்தேழு வயதுவரை கட்டைப் பிரம்மச்சாரியாகக் கிடந்தவன், ஒருநாள் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டே விட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "பண்ணிக்கலாம் இத்வால். ஆனா இந்தத் தடவை அந்தக் கட்டத்துல ஒரு பேர் இருக்கணும். நீ கண்டுபிடி. அப்புறம் நாள் பார்க்கலாம்."

அவள் மருமகன் எச்சிலில் டி.என்.ஏ. பார்த்துச் சொந்தம் கண்டுபிடிக்கும் பரிசோதனை டப்பா ஒன்று வாங்கித் தந்தான். நான்தான் அதை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டேன். "எச்சில் துப்பித்தான் அப்பனைத் தேடணும்னா நான் எதுக்குடி இருக்கேன்?" என்றேன். நாசமாய்ப் போன வாய்.

போன குளிர்காலம் எங்கள் சேப்பலை மூடினார்கள். சபைப் புத்தகப் பெட்டிகள் என் வீட்டுக்கு வந்தன. 1964 பிப்ரவரிப் பக்கத்தில் இருந்தது: "லெய்சா, வேலைக்காரி, சபையிலிருந்து நீக்கம். காரணமானவன் ஹெபோக்காரன் என ஒப்புக்கொண்டாள்." எழுதியது என் அப்பா எம்லின் ஹாவெல். அவர்தான் அப்போது சேப்பலின் மூப்பரும் செயலாளரும். குண்டு குண்டான அந்தக் கையெழுத்தை நெஸ்தாவிடம் பெருமையாகக் காட்டினேன்.

எங்கள் பக்கம் குடும்பப்பெயர்கள் மொத்தமே ஏழெட்டுதான். அதனால் ஒருவனை அவன் இருக்கும் பண்ணையைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். ஹெபோக்காரன் என்றால் மெய்ரிக். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கல்யாணமாகாதவன், அதே வருஷம் ஈஸ்டர் வாரத்தில் கற்பலகைச் சுரங்கக் குட்டையில் செத்து மிதந்தவன். அவமானம் தாங்காமல் விழுந்தான் என்று ஊரே சொல்லும். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

நெஸ்தா அழுதாள், பிறகு சிரித்தாள், என்னைக் கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு ஞாயிறும் மெய்ரிக்கின் கல்லறையில் பூ வைக்கத் தொடங்கினாள். ஒரு அட்டையில் "அப்பாவுக்கு" என்றும் எழுதி வைத்தாள். ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை என்று நாளும் குறித்தோம்.

ஊர்தான் சரியில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், கேலி செய்தார்கள். எங்கள் ஊர்க் கிழடுகள் மட்டும் சேதியைக் கேட்டதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தார்கள். ஆட்டுச் சந்தையில் எண்பத்தெட்டு வயது ட்ரெவோர் என் சட்டைக் கையைப் பிடித்தார். "இந்த வயசுல எதுக்குடா கல்யாணமும் மோதிரமும்? பேசாம ஃபிரெண்டா இருந்துட்டுப் போங்களேன்," என்றார். "உமக்கு வயித்தெரிச்சல்," என்றேன். அவர் சிரிக்காமல் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து நாயைத் திட்டினேன்.

நேற்று மத்தியானம் கெய்ன்வென் வந்தாள். செத்துப்போன மெய்ரிக்கின் தங்கை, எழுபத்தேழு வயது. மலைக்கு அந்தப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் இருந்த அட்டையை மேசைமேல் வீசினாள். "அப்பாவுக்கு" என்ற எழுத்து மழையில் கரைந்திருந்தது.

"எங்கண்ணன் கல்லறைல இந்தக் குப்பையை வைக்கச் சொன்னது நீதானா?"

"குப்பையா? உங்க ரத்தம் அது. சபைப் புத்தகத்துலயே இருக்கு, ஹெபோக்காரன்னு."

"படிச்ச மடையா! நாங்க ஹெபோக்குக்கு எப்ப குடிவந்தோம் தெரியுமா? அறுபத்து மூணு செப்டம்பர், மிக்கேல் திருநாளுக்கு. வண்டியிலேர்ந்து சாமான் இறக்கறப்பவே அந்தப் பொண்ணு கொல்லைப்பக்கம் வாந்தி எடுத்துக்கிட்டு நின்னுது. அதுக்கு முன்னாடி எங்கண்ணன் அவ மூஞ்சியைக்கூடப் பார்த்ததில்ல."

நான் மனசுக்குள் மாதங்களை எண்ணினேன். மே மாதத்திலிருந்து பின்னோக்கி ஒன்பது. ஆகஸ்ட். பண்ணை மாறினால் ஆளின் பெயரும் மாறும், மறுநாளே புதுப் பெயர் ஒட்டிக்கொள்ளும். இது எங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். பதினோரு பேருக்கு அப்பன் தேடிய எனக்கு அது தோன்றவில்லை.

"உங்களுக்கு முன்னாடி அங்க யார் இருந்தா?" என்று கேட்டேன்.

"நிஜமாவே தெரியாதா உனக்கு?" முதல்முறையாக அவள் முகம் இளகியது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "உங்கம்மாதான் ஒத்தக்கால்ல நின்னு பண்ணையை மாத்த வச்சா. அந்தப் பொண்ணோட ஒரே கூரைக்குக் கீழ இருக்கமாட்டேன்னா. அப்புறம் அந்தப் பேச்சையே வீட்டுல எடுக்க விடல."

அப்பா வேறெங்கோ இருந்து எய்தினுக்கு வந்தவர் என்பது எனக்குத் தெரியும். எங்கிருந்து என்று கேட்டபோதெல்லாம் அம்மா எழுந்து போய்விடுவாள்.

"பிப்ரவரில போதகரும் உங்கப்பாவும் எங்க வீட்டுக்கு வந்தாங்க," என்றாள் கெய்ன்வென். "எனக்குப் பதினாறு வயசு, அடுப்பாண்ட நின்னேன். யாருன்னு போதகர் கேட்டாரு. அவ வாயே திறக்கல. உங்கப்பாதான் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு, 'ஹெபோக்காரன்தானேம்மா?'ன்னாரு. அவ அவரையே பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம் தலையை ஆட்டினா. எங்கண்ணன் ஈஸ்டர் வரைக்கும் இல்ல இல்லன்னு வீடு வீடாப் போய்ச் சொன்னான். ஒருத்தனும் நம்பல."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"ஒரு மூப்பருக்கு எதிரா பதினாறு வயசுச் சிறுக்கி நான் சொன்னா எடுபடுமா? அப்புறம் அவளும் போயிட்டா, எங்கண்ணனும் போயிட்டான். யாருக்காகச் சொல்ல? இப்ப நீ அவ மகளைக் கட்டிக்கப் போறியாமே." அவள் எழுந்தாள். "அதுக்காகத்தான் பஸ் ஏறி வந்தேன். கல்லறைக்காக மட்டும் வரல."

அவள் போன பிறகு புத்தகத்தை மறுபடி திறந்தேன். அந்த ஒரு வரியில் பொய்யே இல்லை. அப்பா அப்பட்டமான உண்மையை எழுதி, அதை இன்னொருவன் தலையில் இறக்கியிருக்கிறார். அந்தக் கையெழுத்தின்மேல் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. விடியும்வரை என் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை பத்து மணிக்கு நெஸ்தா வந்தாள். கையில் காகிதத்தில் சுற்றிய பழ ரொட்டி, கன்னமெல்லாம் காற்றில் சிவந்திருந்தது. முத்தம் கொடுக்க வந்தவளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சளி என்று நினைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒன்பது நாள் இருக்கு, இப்பவே படுத்துடாத," என்று சிரித்தபடி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தாள். "பக்கத்து ஊர்ப் போதகர் குடுத்தாரு. விவரமெல்லாம் தப்பில்லாம எழுதித் தரணுமாம். முதல்ல உன்னுது. மாப்பிள்ளையோட அப்பா பேரு?"

"நெஸ்தா, கொஞ்சம் இரு."

"இரு இருன்னு அறுபது வருஷம் இருந்தாச்சு. சொல்லு."

"எம்லின் ஹாவெல்," என்றேன்.

இடது கையால், வளைந்த சுண்டுவிரலைத் தாளில் படாமல் தூக்கியபடி, நிதானமாக எழுதினாள். பிறகு பேனாவைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தினாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை, இனிப் பார்க்கப்போவதும் இல்லை.

"இப்ப என்னோட கட்டம். நீயே சொல்லு, உன் வாயால கேக்கணும். நீதானே கண்டுபிடிச்ச."

நான் அவள் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் கையை இழுத்துக்கொண்டேன்.

"அதே பேருதான், நெஸ்தா," என்றேன்.