மாமனாரின் ஆழ்ந்த யோசனை

அடுத்த ஐந்து வருடத் திட்டத்தை ஆபீசில் போடக் கூடாது, வெளியே அமைதியான இடத்தில் கூடிப் பேசினால்தான் உருப்படும் என்றார் ஆலோசகர். மெத்தைக் கம்பெனி முதலாளியான மாமனார் வாடகையை நினைத்து, தன் ஷோரூமையே அமைதியான இடமாக அறிவித்துவிட்டார். அங்கே நாற்காலி கிடையாது. ஆளுக்கொரு கட்டில்.

மாப்பிள்ளை தயாரித்த மென்மையான மெத்தைக்கு இன்று சம்மதம் கிடைக்காவிட்டால் அவருக்கு மறுபடி குடோன் வேலைதான். மாமனாரோ, மெத்தை என்றால் கட்டாந்தரை மாதிரி இருக்க வேண்டும் என்ற கொள்கைக்காரர்.

"சேத்துல விழுந்த மாதிரி இருக்கு. இதுல எவன் மாப்ள தூங்குவான்?" என்றபடியே மாமனார் அந்த மெத்தையில் சாய்ந்தார்.

"எல்லாரும் கண்ணை மூடி, அஞ்சு வருஷம் கழிச்சு கம்பெனி எப்படி இருக்கும்னு பாருங்க" என்றார் ஆலோசகர்.

மூடினார்கள். கணக்காளர் முதலில் தூங்கிப்போனார், விற்பனை மேலாளர் அடுத்து. மாமனாரின் குறட்டையில் விலைச்சீட்டுகள் ஆடின. எழுப்பப் போன ஆலோசகரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அப்படியே சரிந்தார்.

மதியம் மாமனார் எழுந்தபோது கன்னத்தில் மெத்தையின் தையல் கோடு பதிந்திருந்தது.

"நல்லா தூங்குனீங்களா மாமா?"

"யாரு தூங்குனா? யோசிச்சிட்டிருந்தேன்."

"அப்ப என் மெத்தை?"

மாமனார் அதைத் தடவிப் பார்த்தார். "தூங்குறதுக்குன்னு விக்காத மாப்ள. யோசிக்கிறதுக்குன்னு வித்துக்கோ. இப்ப லைட்டை அணை, விலையை யோசிக்கணும்."