மாப்பிள்ளைக்கு ஒரு தொட்டி

மகள் கேட்டது நாய்க்குட்டி. வாடகை வீட்டில் நாய் கூடாது என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டதால் மீன் வந்தது.

அவளை மீன் கடைக்கு அழைத்துப்போனது அப்பா. ஏசி மெக்கானிக். வரிசையாக அடுக்கியிருந்த கண்ணாடித் தொட்டிகளில் ஒன்றின் மூலையில், விரல் நீளத்தில், கறுத்த முதுகும் வெள்ளை விலாவும் சிவந்த வாலுமாக ஒரு கெளுத்திக் குஞ்சு மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. மகள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

“இது பெரிசாகுமா?” என்று மெக்கானிக் கேட்டார்.

“தொட்டி எவ்ளோவோ மீனும் அவ்ளோதான் சார். சின்னத் தொட்டில வச்சா சின்னதாவே இருந்துடும்.”

கேட்கச் சுகமாக இருந்ததால் அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மூன்றடித் தொட்டி ஒன்றையும் சேர்த்து வாங்கிவந்து, டிவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

பேர் வைத்தது மனைவி. மருந்துக்கடையில் பில் போடுகிறவள். வாய்க்குப் பூட்டுக் கிடையாது. “மீசையை முறுக்கிட்டு, ஒரு வேலையும் செய்யாம, வேளாவேளைக்குச் சாப்பாடு எங்கேன்னு பாக்குது. மாப்பிள்ளைன்னே கூப்பிடுங்க.”

“என்னைச் சொல்றியா?”

“நான் மீனைச் சொன்னேன். உங்களுக்கு ஏன் சுருக்குங்குது?”

மாப்பிள்ளை சாப்பிட்டது. முதலில் தீவன உருண்டை, அப்புறம் இறால், அப்புறம் கூட இருந்த தங்கமீன்கள் எல்லாம். ஒருநாள் அடியில் கிடந்த கூழாங்கல்லையும் விழுங்கி, யோசித்துவிட்டுத் துப்பியது. மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் தொட்டியின் முன் உட்காருவாள். அவள் விரலைக் கண்ணாடியில் வைத்து இழுத்தால் மீசை பின்னாலேயே வரும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம், “எங்க மாப்பிள்ளை என்னமா வளந்துட்டான் பாருங்க” என்று காட்டுவாள்.

வளர்ந்தது. அடுத்த வருடம் மெக்கானிக் ஐந்தடித் தொட்டி வாங்கினார். அதற்காக சோபா படுக்கையறைக்குப் போனது. அந்தத் தொட்டியும் ஒரு பள்ளிக்கூட வருடம்கூடத் தாங்கவில்லை. நீளம் இருந்தது, அகலம் இல்லை. திரும்ப வேண்டுமானால் மாப்பிள்ளை உடம்பை லாடமாக வளைத்து, வாலைக் கண்ணாடியில் உந்தித்தான் திரும்ப முடிந்தது. சமையலறையில் இருந்தாலும் அந்த ‘தொம்’ கேட்கும். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு தொம்முக்கும் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பழகினார்கள்.

“அப்பா, மாப்பிள்ளைக்கு முதுகு கோணலா இருக்கு” என்று மகள்தான் முதலில் சொன்னாள்.

“தண்ணிக்குள்ள அப்படித்தான்மா தெரியும்.”

“வெளியே எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும்ப்பா.”

நாய்க்கும் மாட்டுக்கும் பார்க்கிற மருத்துவர், போனில் எடுத்த வீடியோவை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். “மீனோட நீளத்தைவிடத் தொட்டி அகலமா இருக்கணும் சார். அப்பதான் வளையாமத் திரும்பும். இது இன்னும் வளரும். உங்க மகள் உசரத்துக்கு வந்தாலும் வரும்.”

“தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் வளரும்னு கடையில...”

“இடம் இல்லைன்னா மேலுக்கு வளராது. உள்ளுக்குள்ள மடங்கிக்கும். இந்த எலும்பு இனிமே நிமிராது. பெரிய எடம் குடுத்தா இதுக்குமேல மோசமாகாது. என்னால சொல்ல முடிஞ்சது அவ்ளோதான்.” போனைத் திருப்பிக் கொடுத்தார். “முடியலைன்னா, மருந்து போட்டு ஒரேயடியாத் தூங்க வச்சிடலாம். ஆனா ஏரி, குளம்னு விட்டுடாதீங்க. அங்க இருக்கிறதையெல்லாம் காலி பண்ணிடும்.”

இத்தனை சதுர அடி அறைக்கு இத்தனை டன் ஏசி வேண்டும், சின்னதாகப் போட்டால் அது ஓடி ஓடியே செத்துப்போகும் என்று தினமும் யாருக்காவது எடுத்துச்சொல்வது மெக்கானிக்கின் பிழைப்பு.

அன்று சாயங்காலம் டேப்பை எடுத்துக் கூடத்தை அளந்தார். பத்தடி நீளம், ஐந்தடி அகலம், மூன்றடி உயரம். சாக்பீஸால் தரையில் கோடு போட்டதும் கூடத்தில் பாதி காணாமல் போனது.

மனைவி கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தாள். “அப்ப நாம எங்க உக்காருறது? உள்ளேயா?”

அவர் கீழ்வீட்டில் இருந்த கட்டட இன்ஜினியரைக் கூப்பிட்டுவந்தார். அந்த மனிதர் கோட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“தண்ணி மட்டும் நாலு டன் வரும் சார். கண்ணாடி தனி. இந்தத் தளம் தாங்காது.” கொஞ்சம் தயங்கி, “நேர் கீழேதான் என் கட்டில்” என்றார்.

சாக்பீஸ் கோட்டை மனைவி அழிக்கவில்லை. அது தானாகவே கால்பட்டுத் தேய்ந்தது.

அடுத்து வந்த வாரங்களில் மெக்கானிக் வேலைக்கு நடுவே போன் போட்டுக்கொண்டே இருந்தார். மீன் கடைக்காரர், “இவ்ளோ பெரிசை யார் தலையில கட்டுறது சார்? எல்லாரும் குட்டிதான் கேக்குறாங்க” என்றார். மீன் காட்சியகத்தில் போனை எடுத்த பெண் அலுப்போடுதான் பேசினாள். ஆனால் கோபமாக இல்லை. “இதே மீனுக்கு வாரம் ஒருத்தராவது கூப்பிடுறாங்க சார். எங்ககிட்டயே இடம் இல்லாம நிறைய இருக்கு.” அவர் ஏசி பார்க்கும் ஓட்டல் ஒன்றின் மேலாளர் வரவேற்பறைக் குளத்தில் விடலாம் என்று ஒப்புக்கொண்டு, அதில் இருந்த வண்ண மீன்களின் ஞாபகம் வந்ததும் பின்வாங்கினார். மனைவியின் தம்பி வந்தவன், “பேசாம குழம்பு வச்சிடுங்க மாமா” என்று சிரித்தான். மகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கிளம்பும்போது தொட்டியின் முன் சற்று நின்று, “நிஜமாவே திரும்ப முடியலையே” என்றான்.

மருத்துவர் சொன்ன மருந்தைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேச்சு வந்தது.

“வேதனையா இருக்குமோ அதுக்கு?” என்று மனைவி கேட்டாள். அவள் குரலில் கேலி சுத்தமாக இல்லை.

“தெரியலையே.”

“அதுகிட்ட கேக்கவா முடியும்.”

“அவகிட்டயும் கேக்க முடியாது” என்றார், மகளின் அறையைக் காட்டி.

கடைசியில் கை கொடுத்தது அவர் தங்கை. ஊருக்கு வெளியே அவர்களுக்கு ஒரு இடம் இருந்தது. அவள் கணவர் முன்பு அங்கே லாரி கழுவும் தொழில் செய்தார். தொழில் போய்விட்டது, சிமெண்ட் தொட்டி மட்டும் இருந்தது. பன்னிரண்டடிக்கு ஆறடி. மெக்கானிக் அதைப் பார்த்ததும் உள்ளே இறங்கி நின்றுகொண்டு, இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். கை எந்தச் சுவரிலும் படவில்லை.

அடுத்தடுத்த விடுமுறை நாட்களில் அங்கேயே கிடந்தார். தேய்த்துக் கழுவினார், விரிசலைப் பூசினார், தண்ணீர் நிரப்பிக் கொட்டி மறுபடி நிரப்பினார். வடிகட்டி மாட்டி, தண்ணீரைச் சூடாக வைத்திருக்க ஹீட்டர்கள் போட்டு, குளிர்பதன அறையிலிருந்து கழித்துப்போட்ட பலகைகளால் மூடியும் செய்தார். உற்சாகமாக இருந்தார். மனைவிகூட, “கல்யாணத்துக்கு முன்னாடி இந்த மனுஷனை இப்படிப் பாத்தது” என்றாள்.

கொண்டுபோவதுதான் கஷ்டமாக இருந்தது. நனைத்த போர்வையில் ஏந்தித் தூக்கினார்கள். கிடைத்ததிலேயே பெரிய ஐஸ் பெட்டியும் மாப்பிள்ளைக்குச் சிறியது. வளைத்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. அது வளைந்த பக்கமாகவே வளைந்து, சண்டை போடாமல் அடங்கியது. மகள் வண்டியில் பெட்டியைக் கட்டிக்கொண்டே வந்தாள்.

சிமெண்ட் தொட்டியில் விட்டதும் மாப்பிள்ளை அடியில் இறங்கி, அருகில் இருந்த மூலைக்குப் போய் நின்றது.

“புது இடம் இல்ல, கூச்சப்படுது” என்றாள் தங்கை.

மறுநாள் போனில் மெக்கானிக் கேட்டார். “மூலையிலதான் இருக்குண்ணே. இறாலைப் போட்டேன். பக்கத்துல விழுந்ததைச் சாப்பிட்டுச்சு, தள்ளி விழுந்ததுக்குப் போகலை.” அதற்கடுத்த நாளும் அதே பதில்தான். ஒரு வாரம் கழித்து, “இன்னிக்குக் கொஞ்சம் நீந்துச்சு” என்றாள். அவர் மகளைக் கூட்டிக்கொண்டு ஓடினார். நீந்தியது உண்மைதான். ஆனால் முதுகு வளைந்த பக்கமாகவே உடம்பு இழுத்தது. நேராகப் போகப் பார்த்து, சுவருக்கு வந்து, நின்றது.

மகள் விளிம்பில் கவிழ்ந்து படுத்துத் தண்ணீருக்குள் விரலை விட்டாள். “அந்தப் பக்கம் போ மாப்பிள்ளை. எவ்ளோ இடம் இருக்கு பாரு.”

மீசை மட்டும் அவள் விரலை நோக்கி வந்தது.

மெக்கானிக் ஹீட்டர் ஒயரைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். சரி பார்க்க அதில் ஒன்றும் இல்லை. தங்கை அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இந்த இடத்தை விக்கலாம்னு இவர் சொல்லிட்டிருக்காரு. உடனே இல்ல, பின்னால எப்பவாவது. இது எத்தனை வருஷம் உயிரோட இருக்கும்?”

இருபது வருடம்கூட இருக்கும் என்று அவர் படித்திருந்தார். மகளைப் பார்த்தார். அவள் முதுகைத்தான் பார்க்க முடிந்தது.

“அது... சொல்ல முடியாதும்மா” என்றார்.

தங்கை தலையாட்டிவிட்டு இறால் எடுத்துவர உள்ளே போனாள். அவர் தொட்டியை மூடும் பலகையைத் தூக்கி, மகள் கையை எடுக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார்.