கடைசிப் பத்தி

எங்கள் மாலைப் பத்திரிகையில் ஒரு பழக்கம் உண்டு. ஊரில் பெரிய மனிதர் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால், நலம் விசாரிக்கப் போவதற்கு முன்பே அவருக்கு இரங்கல் கட்டுரை எழுதி வைத்துவிடுவோம். கடைசிப் பத்தியை மட்டும் காலியாக விடுவோம். நேரம் வந்ததும் ஆசிரியர் நிரப்புவார். சிலர் எழுந்து உட்கார்ந்து பல வருஷம் எங்களுக்குத் தண்ணி காட்டியதும் உண்டு.

அதனால்தான், பத்திரிகையின் வரலாற்றை ஒரு பக்கத்துக்கு எழுதச் சொன்ன ஆசிரியர், கடைசிப் பத்தியைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. ஆண்டு விழா எதுவும் இல்லை. ஏன் இப்போது என்று கேட்டேன். சும்மாதான் என்றார். சும்மா ஒரு காரியம் செய்கிற ஆளா அவர்? டீ வாங்கிக் கொடுத்தால்கூடப் பின்னாலேயே ஒரு வேலை வரும்.

கீழே அச்சு மெஷினை ஓட்டுகிறவன் என் அண்ணன். வேறொரு அச்சகம் அவனைக் கூப்பிட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பத்திரிகை நிற்குமா, ஓடுமா என்று ஆசிரியரிடமே நேராகப் போய்க் கேட்டான். அவர் தோளில் கைபோட்டு, தன் காலத்துக்கு அப்புறமும் ஓடும் என்றார். அண்ணன் வெள்ளந்தி, உருகிவிட்டான். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு உருகலாமா என்று அண்ணி என்னிடம் பொரிந்தாள். மேலே ஆபீஸில் இருக்கிற நான்தான் உண்மையைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமாம்.

எழுத உட்கார்ந்தேன். கடலை மடிக்கத்தான் ஆகும் என்று ஊர் சிரித்த முதல் இதழ். காகிதப் பஞ்சத்தில் கையகலத்துக்கு வந்த இதழ்கள். தேர்தலில் தோற்றவரை ஜெயித்தவராகப் போட்ட இதழ்; அதைத் தோற்றவர் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டார். எழுத எழுதச் சிரிப்பு வந்தது, ஆனால் காதும் கண்ணும் வேறெங்கோ இருந்தன. வருஷச் சந்தா வாங்க வேண்டாம், மாதச் சந்தா போதும் என்று கணக்கருக்கு உத்தரவு. ஒருவன் டேப் வைத்துக் கட்டடத்தை அளந்தான். வெள்ளையடிக்க என்றார் ஆசிரியர். வெள்ளையடிக்கிறவன் வாசலிலிருந்து தெருமுனை வரை எதற்கு அளக்கிறான்?

வெள்ளிக்கிழமை காலை கட்டுரையைக் கொடுத்தேன். படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் போடலாம், சுற்றிலும் விளம்பரம் வேண்டாம் என்றார். உயிரோடு இருக்கிற யாருக்காகவும் அவர் விளம்பரத்தை எடுத்ததில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

"சார், நான் யாருக்கு இரங்கல் எழுதியிருக்கேன்?"

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "திங்கக்கிழமையிலருந்து பேப்பர் கிடையாதும்மா. கட்டடத்த வித்தாச்சு. உங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாத. அவன் போயிட்டா கடைசி இதழ யார் ஓட்டுவா?"

சந்தேகம் பொய்யாகிவிடாதா என்று இத்தனை நாளும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். நேராகக் கீழே இறங்கினேன்.

மெஷின் இரைச்சலில் அண்ணனின் காதுக்குப் பக்கத்தில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். திரும்பி வந்தபோது முகம் செத்திருந்தது. வரவில்லை என்று காலையில்தான் சொல்லியிருக்கிறான். அவர்கள் உடனே வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம்.

"உன்கிட்ட அவரே சொன்னாரா?"

"நான் கேட்டேன், சொன்னாரு."

"நானும் கேட்டேனே" என்றான்.

மெஷினை நிறுத்தினான். பாதி அச்சான அன்றைய இதழ் அப்படியே நின்றது. கையிலிருந்த மையைக்கூடத் துடைக்காமல் மாடிப்படி ஏறினான். நான் தடுக்கவில்லை.