காற்று புகுந்த இடம்

காசிநாதனின் மோட்டார் சைக்கிள் பட்டறை வாசலுக்கு வந்து சேர்வதற்கு முன்பே அதற்கு என்ன கோளாறு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கைப்பிடியை முறுக்கினால் உடனே கிளம்பாது. கார்புரேட்டர் வழியாக 'டப்' என்று ஒரு தும்மல் போடும், கொஞ்சம் யோசிக்கும், அப்புறம்தான் ஓடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. உள்ளே காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு. இப்படியே ஓடினால் சூடேறிச் சூடேறி ஒருநாள் நடுரோட்டில் நின்றுவிடும்.

ஐம்பத்தாறில் செங்கல்பட்டு வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தனை பேரும் என்னிடம்தான் வருவார்கள். என்னிடம் பெரிய கருவி எதுவும் கிடையாது, விரலும் காதும்தான். கார்புரேட்டர் என்ஜினோடு சேரும் மூட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் போதும். என்ஜின் ஓடும்போது வெறும் விரலை அந்த மூட்டைச் சுற்றி நகர்த்தினால், காற்று புகும் இடத்தில் தோலைச் சில்லென்று இழுக்கும். காது அதற்கும் மேலே. திருமணி ரோட்டு மேட்டில் வண்டி ஏறி வரும் சத்தத்தை வைத்தே அதில் ஒரு ஆளா, இரண்டு ஆளா என்று சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. "ஒங்க வெரலுக்குத் தனியா ஒரு சலாம் வெக்கணும்" என்று என் பெண்டாட்டி ராபியா கிண்டல் செய்வாள்.

காசிநாதன் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரன். பர்மா சண்டையில் பட்டாளத்துக்கு வண்டி ஓட்டியவன். திரும்பி வந்து, பட்டாளத்தில் கழித்துப்போட்ட இந்த வண்டியை ஏலத்தில் எடுத்து, வலையும் கயிறும் வியாபாரம் செய்துகொண்டிருந்தான். நாலு வருஷமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் செங்கல்பட்டுக்கு வருவான். கயிறு எடுக்கத்தான் வருகிறான் என்று நானும் நினைத்திருந்தேன். அன்றைக்கு வியாழக்கிழமை.

"நாளைக்குக் காலைல வண்டி வோணும் பாய். வழியில நிக்கவே கூடாது, அதான் முக்கியம்."

"இன்னா அவ்ளோ அவசரம்?"

வேறு யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தான். "என் சம்சாரம் அம்சா திருமணில கீது பாய். நாலு வருஷமா. நாளைக்கு வூட்டுக்கு இட்டுகினு போறேன்."

திருமணி என்றாலே எங்கள் பக்கத்தில் பெருவியாதி ஆஸ்பத்திரிதான், குஷ்டரோகிகளுக்கானது. ஊர்ப் பேரைச் சொல்லும்போதே குரலை இறக்கிக்கொள்வார்கள். காசிநாதன் அன்றைக்கு இறக்கவில்லை. பீடி டப்பாவைத் திறந்து, எட்டாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் விரித்தான்.

"இனிமே யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. பஸ்ல ஏத்த மாட்டான் பாய். வெரலு ரெண்டு மடங்கிப் போச்சி, பாத்தா எறக்கி வுட்ருவான். அதான் இந்த வண்டிய நம்பிகினு கீறேன். பொண்ணு வரலட்சுமிய ரெண்டு வயசுல வுட்டுட்டு வந்துது. அம்மா வருதுன்னு அது ஒரு வாரமா கோலம் போடக் கத்துகினு கீது."

பேசப் பேச அவன் முகம் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே அவளை உட்காரவைத்து ஒரு சுற்று சுற்றினானாம். "எறங்கினதும், இன்னாத்துக்கு இது தும்முதுன்னு குனிஞ்சி அங்கயே கை வெச்சிடுச்சி பாய்" என்று கார்புரேட்டர் மூட்டைக் காட்டினான். "கொதிச்சிகினு கீது, அதுக்குச் சூடே தெரியல. நாந்தான் கைய எடுத்து வுட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

என் கை அப்போது அதே மூட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது என்று நினைத்தேன். பெரிய நியாயஸ்தன் மாதிரி நினைத்தேன். எண்ணெய் துடைக்கிற துணியை எடுத்து, கை வழுக்குகிறது என்று யாரும் கேட்காமலே ஒரு பொய்யைச் சொல்லி, இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டேன். துணி சுற்றிய கையால் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பலாம், பெட்ரோலை அளந்து விடும் ஊசியை ஒரு படி தூக்கிவைக்கலாம். இரண்டையும் செய்தேன். ஸ்க்ரூ வழியாக வரும் காற்றைக் குறைத்து, பெட்ரோலைக் கூட்டினேன். தும்மல் நின்றது. மூட்டை மட்டும் தடவிப் பார்க்கவில்லை. துணிக்கு எந்தக் காற்றும் தெரியாது. அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் விட்டேன். ரயிலடி வரைக்கும் ஓட்டிவிட்டு வந்தேன். நன்றாகத்தான் ஓடியது. ஆறின வண்டி அரை மைல் எப்படியும் நன்றாகத்தான் ஓடும்.

காசிநாதனுக்கு வாயெல்லாம் பல். "ஒங்க கை கைதான் பாய்" என்று தன் கையை நீட்டினான். நான் குனிந்து ஸ்பானரைப் பொறுக்கினேன். நிமிர்ந்தபோது அந்தக் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அவன் என் கையைச் சுற்றியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராத்திரி தங்க ஆஸ்பத்திரிப் பக்கமே வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

வீட்டுக்குப் போய் மூன்று தடவை சோப்புப் போட்டேன். ராபியா என்னவென்று கேட்டாள், சொன்னேன். "டாக்டரே எழுதிக் குடுத்தப்புறம் ஒங்களுக்கு இன்னா பயம்? நீங்க அவரவிடப் பெரிய டாக்டரா?" என்றாள். அவள் சொன்னது சரிதான். அதனாலேயே எரிச்சல் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் ஐந்து மணி இருக்கும். மேட்டுப் பக்கம் என்ஜின் சத்தமே இல்லை. சக்கரம் உருளும் சத்தம் மட்டும் வந்தது. காசிநாதன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் யாரும் இல்லை.

தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் வண்டி தும்ம ஆரம்பித்து, மலையடிவாரத்தில் நின்றுவிட்டது. உச்சி வேளை. மலைக்கோயில் பிரசாதம் தின்ன இறங்கும் கழுகைப் பார்க்க வந்த கூட்டம் அத்தனையும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வண்டி 'டப் டப்' என்று வெடித்ததும் எல்லோரும் திரும்பினார்கள். அம்சா கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். மறைத்ததைத்தான் முதலில் பார்த்தார்கள். ஒருத்தி தன் குழந்தையை இழுத்துக்கொண்டாள். பஸ் வந்தது. இவன் காகிதத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு ஓடினான். கண்டக்டர் வாங்கிப் பார்க்கவில்லை, கீழே வைக்கச் சொன்னானாம். படியில் கால் வைத்த அம்சாவை இறங்கச் சொன்னானாம்.

"அங்கேருந்து எங்க வூடும் ஒம்போது மைலு, திருமணியும் ஒம்போது மைலு பாய். நடந்தாவது போலாம் வான்னேன். அது திருமணிப் பக்கம் நடக்க ஆரம்பிச்சிடுச்சி. வண்டி ஆறினதும் கெளம்புச்சி, ஏறுன்னு கெஞ்சினேன், ஏறல. நானும் தள்ளிகினே பின்னால போனேன். ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு சொல்லுச்சி, 'இங்க யாரும் என்ன எறங்கச் சொல்ல மாட்டாங்க, நீ புள்ளயப் பாத்துக்கோ'ன்னு."

அவன் அழவில்லை. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, உதைத்துக் கிளப்பி, வெறும் விரலை மூட்டில் வைத்தேன். கால் சுற்றுகூட நகர்த்தவில்லை, அடிப்பக்கத்தில் சில்லென்று இழுத்தது. என்ஜினை நிறுத்திக் கழற்றினேன். சூட்டில் மூட்டின் முகம் லேசாக வளைந்திருந்தது. கண்ணாடித் துண்டின் மேல் வைத்து அதைத் தேய்த்துச் சமப்படுத்தினேன். தடித்த காகிதத்தில் புது வாஷர் வெட்டி வைத்து, நேற்று மாற்றியதையெல்லாம் பழையபடி திருப்பி, இறுக்கினேன். எல்லாமாகச் சேர்த்து அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை நேற்றே செலவழித்திருந்தால் இந்நேரம் அம்சா மகளின் கோலத்தைப் பார்த்திருப்பாள்.

"இன்னா கோளாறு பாய்?"

பொய் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. பழைய வண்டி என்றால் நம்பிவிடுவான்.

"காத்து பூந்துகினு இருந்துச்சி காசி. வெறும் வெரல வெச்சிருந்தா நேத்தே தெரிஞ்சிருக்கும். பயந்துட்டேன்."

அவன் பின் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அடித்துவிட்டால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

"தெரியும் பாய், துணியப் பாத்தேன்" என்றான். பின் சீட்டைத் தடவிக்கொண்டே, "நாலு வருஷம் முன்ன மொத மொதல்ல அத இங்க இட்டாந்தனே, அன்னிக்கி எனுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு கோணிய மடிச்சி வெச்சிகினுதான் வந்தேன். என்னத் தொடாம ஒக்காருன்னேன். பதினெட்டு மைலும் கம்பியப் புடிச்சிகினே வந்துது. வழியில ஒரு வார்த்த பேசல" என்றான்.

அவன் கையை நான்தான் பிடித்தேன். எண்ணெய்க் கை. அவன் விட்டுவிடவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் திருமணிக்குப் போகிறான். வாரா வாரம் கூப்பிடுகிறானாம், அவள் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டுகிறாளாம். போன வாரம் மகள் போட்ட கோலத்தை ஒரு காகிதத்தில் வரையச் சொல்லி வாங்கிக்கொண்டு போனான். அதை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை என்றான். வண்டிக்கு ஒரு குறையும் இல்லை, இந்த ஜில்லாவிலேயே இவ்வளவு சுத்தமாக ஓடும் வண்டி கிடையாது. சாயங்காலம் நாலு மணிக்கு அவன் திரும்பும் நேரத்தில் நான் பட்டறையில் ஓடிக்கொண்டிருக்கும் எல்லா என்ஜினையும் அணைத்துவிடுவேன். வாடிக்கைக்காரர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். தூரத்தில் திருமணி ரோட்டு மேட்டில் சத்தம் எழும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். தும்மல் இல்லை, திணறல் இல்லை. மேட்டில் துளிக்கூடச் சுமை தெரியாமல், லேசாக ஏறி வருகிறது. ஒரு ஆள்.