நானும் பார்த்ததில்லை

…பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டேன், சொன்னது சொன்னதுதான், இனி வாரி உள்ளே போட்டுக்கொள்ள முடியாது, "அந்தக் கட்டுரையை நான் பார்த்ததில்லைங்கய்யா" என்று, அதுவும் யாரிடம், அந்தக் கட்டுரையை எழுதியவரிடமே, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார் பேராசிரியர் ஹவுலே, என் ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்பதற்கென்றே தார் எஸ் சலாமிலிருந்து வந்த மனிதர், பக்கத்தில் என் வழிகாட்டி டாக்டர் கபலமுலா சன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார், மழைத் தூறலில் அங்கே பார்க்க என்ன இருக்கிறது, "நீங்க கொஞ்சம் வெளியில இருங்கம்மா" என்றார் ஹவுலே. இருக்கிறேன், இந்த மரப்பெஞ்சில், மலாவியின் இந்தச் சோம்பா ஊரின் ஜூலைக் குளிர் முழங்காலில் ஏற, சித்தெஞ்சேத் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு. எனக்குப் பயம் வர வேண்டும், வரவில்லையே, ஏன்? இன்று தேறினால் மீன்வளக் கல்லூரியில் என் வேலை நிரந்தரம், தேறாவிட்டால் அடுத்த பருவத்தில் என் நாற்காலியில் வேறொருத்தர், இது தெரிந்தும் நெஞ்சு லேசாக இருக்கிறது, தொண்டையில் மாட்டியிருந்த மீன்முள் இறங்கினது மாதிரி… பைத்தியமா எனக்கு, ஒரு பொய் சொல்லியிருந்தால் இந்நேரம் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருப்பேன்.

"என்னக்கா, துரத்திட்டாங்களா?" லுசுங்குதான், எனக்கு அடுத்து உள்ளே போக வேண்டியவன், யாருடையதோ கோட்டு, கை பாதி விரல்வரை தொங்குகிறது. ஹவுலேயோட 1991 கட்டுரையைப் படிச்சிருக்கியா என்று கேட்டேன். "ஐயோ அக்கா, நம்ம துறையில அதை யாரு படிச்சா? வேதத்துல இருக்குன்னா இருக்கு, மோசேகிட்ட போய்க் கேட்டுக்கிட்டா இருப்போம்?" என்று சிரித்தான். உண்மைதான், இங்கே ஏரியைப் பற்றி யார் ஆய்வேடு எழுதினாலும் இரண்டாம் அத்தியாயத்தில் அந்த வரி வந்தாக வேண்டும், ஏரி வற்றத் தொடங்கினால் கரையை முதலில் விட்டுப் போகிறவர்கள் மீன் வாங்கி விற்கும் பெண்கள், வலைக்காரர்கள் அதற்கப்புறம்தான், அடைப்புக்குறி, ஹவுலே, 1991, அடைப்புக்குறி முடிந்தது. நானும் போட்டேன், முதல் வரைவில் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். பக்க எண் வேண்டுமே என்று நூலகத்தில் தேடப்போனதுதான் வம்பு, கட்டுரை வந்ததாகச் சொல்லும் இதழின் அந்த வருடத்துத் தொகுதியே இல்லை, சரி, இதை மேற்கோள் காட்டியவரைக் கேட்போம் என்று போனால் அவர் தனக்கு முந்தியவரைக் கைகாட்டினார், அவர் இன்னொருத்தரை, ஒருவரும் பார்த்திருக்கவில்லை, எல்லோரும் அதை வாங்கிக் கைமாற்றியவர்கள், கடைசியில் போய் முட்டி நின்ற இடம் 1998-இல் எழுதிய ஓர் ஆய்வேடு, முதல் பக்கத்தைத் திருப்பினால் கபலமுலா, என் டாக்டர் கபலமுலா.

அவரிடம் நேராகக் கேட்டிருக்கலாமே… கேட்கத் தைரியம் வரவில்லை, அதனால் நான் பார்த்ததை மட்டும் எழுதினேன், ஹவுலே, 1991, கபலமுலா, 1998-இல் காட்டியபடி, முறைப்படி அப்படித்தானே எழுத வேண்டும், மூலத்தைப் பார்க்காதவள் எதில் பார்த்தாளோ அதைச் சொல்ல வேண்டும், அவர்தானே முதல் வருடம் எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதென்ன புது வழக்கம்?" "நான் பார்த்தது உங்க ஏட்டைத்தானே டாக்டர்." "எல்லாரும் ஹவுலேன்னு போட்டுட்டுப் போறாங்க, நீ பாட்டுக்குப் போட்டுட்டுப் போயேன், இப்படிப் போட்டா நூலகத்துப் பக்கமே போகாதவ எழுதின மாதிரி இருக்கு." எடுக்கவில்லை. மறுபடி வட்டம், மறுபடி எடுக்கவில்லை. நடுவில் நிற்கும் தரகர் மாதிரித் தன் பெயர் வருவது மனிதருக்குப் பிடிக்கவில்லை போலும், பெரிய படிப்புப் படித்தவர்களின் கௌரவம் என்று உள்ளுக்குள் கிண்டல்கூடச் செய்தேன். கடைசி வரைவில் வட்டம் இல்லை, கையெழுத்து மட்டும் இருந்தது. தேர்வாளர் யார் என்று போன வாரம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "ஹவுலே வர்றாரு", அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

கதவு திறந்தது. "வாம்மா" என்றார் டாக்டர். உட்காரச் சொல்லவில்லை, நிற்கவே வைத்துத் துறைத் தலைவர் தாளைப் பார்த்து வாசித்தார், சிறு திருத்தங்களோடு தேர்ச்சி, தேர்ச்சியா, தேர்ச்சி என்றுதானே சொன்னார், வேலை, என் நாற்காலி, வீட்டில் காத்திருக்கிறவர்கள், எல்லாம் ஒன்றாக வந்து கண்ணை முட்டியது, அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். ஹவுலே எழுந்து கைகொடுத்தார். "அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் கட்டுரையை நானும் பார்த்ததில்லை." புரியவில்லை எனக்கு. "அந்த வருஷம் நான் ஒரு வரி எழுதல, மஞ்சள் காமாலை, வீட்டுல படுத்துக் கிடந்தேன். மலாவிக்காரங்க எங்க பார்த்தாலும் அந்தக் கட்டுரை அருமைன்னு சொல்லுவாங்க. முதல்ல மறுத்துப் பார்த்தேன், அடக்கமா பேசுறாருன்னு இன்னும் புகழ்ந்தாங்க, விட்டுட்டேன். பார்க்கலன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னது நீங்க ஒருத்தர்தான்." தாளைத் தட்டினார். "ஆனா விஷயம் சரி. நாலாம் அத்தியாயத்துல நீங்களே கரையில போய் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கீங்க, அப்புறம் என் பேரு எதுக்கு? எடுத்துடுங்க, அதுதான் திருத்தம்." டாக்டரை அவர் பார்க்கவில்லை, வேண்டுமென்றே பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நான் பார்த்தேன், டாக்டர் மூச்சை விட்டார், பெரிய மூச்சு, தோள் இரண்டும் கீழே இறங்கின, இத்தனை வருடமாக அவை ஏறியிருந்ததே எனக்குத் தெரியாது.

வெளியே வந்து லுசுங்குவிடம் சொன்னதும் அவன் முகம் வெளிறிவிட்டது, "அக்கா, பேனா இருக்கா? சீக்கிரம்!" என்று தன் ஏட்டைப் புரட்டிப் புரட்டி ஹவுலே பெயரை அடித்துக்கொண்டே உள்ளே போனான். எனக்குச் சிரித்து மாளவில்லை. டாக்டர் மரத்தடிக்காரியிடம் சூடாக மண்டாசிப் பணியாரம் வாங்கி வந்தார், காகிதத்தில் எண்ணெய் ஊறுகிறது, "தின்னு" என்றார், ஆளுக்கொன்றாகக் கடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றோம், தூறல் விட்டிருந்தது. ஏன் கடைசியில் வட்டம் போடாமல் விட்டார், மறந்தாரா, அலுத்துப் போனாரா, இல்லை, யாராவது வந்து பிடித்தால் போதும் என்று காத்திருந்தாரா… கேட்கவில்லை. அவராகவே பேசினார். "அவர் பேரை எடுத்துடு. என் பேரை எடுக்காதே." சரி என்றேன். கரையோரத்துக்காரர் இவர், ஒருமுறை துறை விருந்தில் சொன்னது இப்போது ஏன் ஞாபகம் வருகிறது, "ஏரி போனப்ப எங்கப்பா வலையை விக்க மனசில்லாம உட்கார்ந்திருந்தாரு, எங்கம்மா எங்களையும் கூடையையும் கட்டிக்கிட்டுக் கிளம்பிடுச்சு, அந்த வரிசை வீட்டுல எல்லாப் பொம்பளைங்களும் கிளம்பினாங்க" என்று… ஓ. ஓ, அதுவா. தன் வீட்டில் கண்ணால் கண்டதை எழுத வேண்டியிருந்தது, அம்மா சொன்னாள் என்று எழுதினால் அந்தக் காலத்தில் யார் தேர்ச்சி போடுவார்கள், எங்கோ தூரத்தில் இருந்த ஒரு பேராசிரியரின் தலையில் ஏற்றி வைத்துவிட்டார்.

"டாக்டர், உங்கம்மா பேரு என்ன?" மெல்லுவதை நிறுத்தினார். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். "எலுபி" என்றார், அப்புறம் வாய் நிறைய மண்டாசியோடு சிரித்தார், "எந்த வருஷம்னு போடுவே?" எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், ஊரெல்லாம் தேடிய மூலம் கடைசியில் கிடைத்துவிட்டது, பெயரோடு கிடைத்துவிட்டது, எங்கே சேர்க்கலாம் என்று அங்கேயே நின்று ஏட்டைத் திறந்தேன், நாலாம் அத்தியாயம், நானே கரையில் உட்கார்ந்து கேட்டு எழுதிய அத்தியாயம், என் வேலையைக் காப்பாற்றிய அத்தியாயம்… பெண் 3 சொன்னார், பெண் 7 சொன்னார், பெண் 11 சொன்னார். பேசியவர்களின் பெயரைப் போடக்கூடாது என்பது ஆய்வு விதி, விதிப்படிதான் செய்திருக்கிறேன், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பெண் 7 எனக்கு வேகவைத்த மரவள்ளி கொடுத்தாள், கைகழுவத் தண்ணீர் ஊற்றினாள், சாயங்காலம்வரை பேசினாள், பெயரைப் போடத்தான் கூடாது, கேட்கவுமா கூடாது, அவள் பெயரைக் கேட்டேனா நான்?