மலைப்பாதைக் கோடு

பழக்கிடங்கின் வாசலை ஒட்டி மாட்டியிருந்த கரும்பலகையை ஒவ்வொரு காலையும் ஈரத்துணியால் துடைப்பது அவள் வேலை. முழுசாக அழித்துவிடக் கூடாது. பலகையில் பெயின்டில் தீட்டிய வரைபடத்தின் வழிகள் மேல் இருக்கும் சுண்ணக்கோடுகளை லேசாக ஒரே இழுப்பு, அவ்வளவுதான். அந்த விதியை வைத்தவர் அவள் கணவர்.

ஏற்றுமேடையில் சிந்திய பழச்சாற்றுக்கு வரும் எறும்புகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார் மனிதர். "எறும்பு நடந்த வழியில வாசனையை விட்டுட்டுப் போகுது. யாரும் நடக்கலைன்னா அது காஞ்சு போயிடும். பழைய வழியை நம்பி ஒண்ணும் ஏமாறாது பாரு" என்பார். அதைத்தான் பலகைக்குக் கொண்டுவந்தார். சிக்கலில்லாமல் போய்த் திரும்பிய ஓட்டுநர், தான் போன வழி மேல் ஒரு கோடு இழுக்க வேண்டும். நல்ல வழி தடித்துக்கொண்டே போகும். கைவிட்ட வழி தானே மங்கிவிடும். வீண் சுற்று குறைந்தது, டீசல் மிஞ்சியது, பழம் அழுகாமல் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லோரும் அவருக்கு 'எறும்பு' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

போன மழைக்காலத்தில் மலைப்பாதையின் ஓரம் சரிந்தது. எறும்பின் வண்டி பள்ளத்தில் கிடந்தது. அவர் உயிரோடு திரும்பவில்லை.

அதற்கு முந்தின மாலை அவர் இழுத்த கோடு மலைப்பாதை மேல் இருந்தது. வலது கோடியில் கொக்கி போல் கீழே வளையும் கோடு. துணி அங்கே வந்ததும் அவள் கை தாண்டிப் போய்விடும். அதை மட்டும் ஏன் விட்டுவைக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை.

இந்த மழைக்காலத்தில் ஒரு நாள் காலை அந்தக் கோடு தடித்திருந்தது. கொக்கியும் புதிதாக வளைந்திருந்தது. விரலை வைத்தாள், மாவு போல் ஒட்டியது.

"இதை யாருண்ணே இழுத்தது?" என்று சுமை இறக்குபவரிடம் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர்தான் வந்திருப்பாரு. அந்த மனுஷனுக்குத்தான் எங்க போனாலும் கை சும்மா இருக்காதே" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார். "இல்லம்மா... நேத்து சாயங்காலம் உங்க கொழுந்தன் பலகைகிட்ட நின்னுட்டு இருந்தாப்ல. இன்னிக்கும் விடியறதுக்குள்ள திராட்சையை ஏத்திக்கிட்டு அந்தப் பக்கம்தான் திரும்பினாப்ல."

கொழுந்தன் அண்ணன் இடத்துக்கு வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஃபோன் போட்டாள், மலையில் சிக்னல் கிடையாது. தகரக் கூரையில் மழை கொட்ட ஆரம்பித்தது. பகல் முழுக்க அவள் வாசலை விட்டு நகரவில்லை. வந்த வண்டி ஒவ்வொன்றும் வேறு யாருடையதாகவோ இருந்தது.

சாயங்காலம் அவன் வந்தான். வண்டியின் ஒரு பக்கம் முழுக்கச் சேறு, கண்ணாடி உடைந்து தொங்கியது.

"ஏன் தம்பி அந்த வழியில போன?"

"நான் என்னத்தக் கண்டேன் அண்ணி? நீங்க தினமும் துடைக்கிறீங்க. அப்படியும் கோடு பளிச்சுன்னு நின்னுச்சு. சரி, பாதையைச் செப்பனிட்டுட்டாங்க, யாரோ போய்ட்டு வந்துட்டு இருக்காங்கன்னு நினைச்சேன். அண்ணன் பலகை பொய் சொல்லாதே." நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "நேத்து எப்படியோ போயிட்டு வந்துட்டேன், அண்ணன் கோட்டு மேலயே நானும் ஒண்ணு இழுத்தேன். இன்னிக்கு பின் சக்கரம் அந்தரத்துல நின்னுச்சு அண்ணி."

அவள் துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள். மலைப்பாதை மேல் வைத்து அழுத்தி இழுத்தாள். ஒரு இழுப்பு இல்லை, கை ஓயும்வரை. பலகை கன்னங்கரேல் என்று ஆனது.

"நான் துடைக்கட்டுமா அண்ணி?"

"வேண்டாம். நீ போய்த் தலையைத் துவட்டு."

பலகை காயக் காய, அதே இடத்தில் வெள்ளை மெல்ல எழும்பி வந்தது. முதலில் கொக்கி, அப்புறம் கோடு.

அவள் துணியை மறுபடியும் தண்ணீரில் முக்கினாள்.