புல்லுக்கடியில் ஒரு வால்வு

எஃப்ரைம் ஊரில் அந்த வருஷம் உறைபனி பத்து நாள் முந்திக்கொண்டது. இன்றிரவு தண்ணீர் உறையும், அதுவும் கல்லாக உறையும் என்று காலையிலேயே வானொலி சொல்லிவிட்டது. தெருவில் வீட்டுக்கு வீடு கம்ப்ரசர் உறுமியது. புல்தரைக்கு நீர் தெளிக்கும் குழாய்களில் தண்ணீரை நிறுத்தி, மிச்சமிருப்பதைக் காற்றடித்து வெளியேற்றிவிட வேண்டும். விட்டுவிட்டால் குழாய்கள் மண்ணுக்குள்ளேயே வெடிக்கும். அதற்கும் முன்னால், சுவரோரம் வெளியே நிற்கும் பித்தளைக் குழாய் பிளந்துகொள்ளும்.

தெய்ன் வீட்டில் மட்டும் சத்தமில்லை. ரெனே தெய்ன் சமையலறை ஜன்னலில் நின்று தன் வீட்டுப் புல்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரை நிறுத்தும் வால்வு அதற்கடியில் எங்கோ இடுப்பளவு ஆழத்தில் இருந்தது. எங்கே என்பது அவள் கணவர் வெர்லுக்கு மட்டும்தான் தெரியும். வால்வுக் குழியின் மூடி புல்லுக்கு நடுவே அசிங்கமாகத் தெரிகிறதென்று அதன் மேலும் புல்லைப் பதித்து மறைத்த மகாராஜன் அவர். அக்டோபர் வந்தால் ஆளுயரச் சாவியோடு போவார், ஒரு துண்டுப் புல்லைப் பாய் மாதிரி சுருட்டுவார், சாவியை இறக்கித் திருகுவார், புல்லைத் திரும்ப விரித்துவிடுவார். எந்த இடம் என்று கேட்டால், "நான் இருக்கேன்ல, உனக்கெதுக்கு அந்தக் கவலை?" என்பார். நாற்பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் ரெனே கேட்பதை விட்டுவிட்ட விஷயங்கள் ஏராளம். இது அதில் ஒன்று.

ஆகஸ்டில் வெர்லுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. அவரை வீட்டுக்கு அனுப்புவதா, பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதா என்று முடிவு செய்ய நாளைக் காலை ஆஸ்பத்திரியில் கூட்டம். மகன் கெண்டல் இல்லம் என்றான். நாக்குதான் போயிற்று, புத்தி அப்படியே இருக்கிறது என்று ரெனே இரண்டு மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"பசிக்குதான்னு கேட்டாலும் தலையாட்டுறாரு, பசிக்கலையான்னு கேட்டாலும் தலையாட்டுறாரும்மா" என்று கெண்டல் போனில் அலுத்துக்கொண்டான்.

"உங்கப்பா என்கிட்ட நாப்பத்தொன்பது வருஷமா அப்படித்தான் ஆட்டுறாரு. அதுக்காக எங்கயாவது கொண்டுபோய்ச் சேத்துட்டேனா?"

மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நோட்டையும் பேனாவையும் வெர்லின் மடியில் வைத்தாள்.

"வெர்ல், ராத்திரி உறையப் போகுது. ஸ்பிரிங்க்ளர் வால்வு எங்க இருக்கு? வரைஞ்சு காட்டுங்க."

அவர் தலையாட்டினார். ரெனே நோட்டைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினாள். ஆனால் தலையாட்டிவிட்டு அவர் இடது கையால் பேனாவைப் பிடித்தார். வேர்க்க வேர்க்க ஒரு சதுரம் போட்டார், அது வீடு. முன்னால் மூன்று கோடுகள், அவை படிகள். பக்கத்தில் என்னென்னவோ கிறுக்கினார். கடைசியில் ஒரு பெருக்கல் குறி போட்டு அதை விரலால் இரண்டு தரம் தட்டினார். தட்டிவிட்டு அவளைப் பார்த்த பார்வையில் பழைய திமிர் அத்தனையும் இருந்தது. ரெனே அந்தப் பெருக்கல் குறியை மட்டும்தான் பார்த்தாள். அவர் நெற்றியில் முத்தமிட்டு, வெட்கமில்லாமல் அழுதாள்.

காரில் உட்கார்ந்து கெண்டலைக் கூப்பிட்டாள்.

"வரைஞ்சே காட்டிட்டாருடா. இதுவும் தலையாட்டுறதுதானா?"

"அவ்வளவு தெளிவா இருக்காருன்னா நான் குறுக்க நிக்கலம்மா. வால்வ மூடிட்டு ஒரு போன் பண்ணுங்க."

நாலு மணிக்கு வீடு வந்தபோது பக்கத்து வீட்டு ஆல்ரெட் ஆளுயரச் சாவியும் மண்வெட்டியுமாக வாசலில் நின்றார். தேவாலயத்தில் அழைப்பது போலவே இங்கும் அவர்கள் பிரதர், சிஸ்டர்தான்.

"என்ன சிஸ்டர், புதையல் வரைபடம் கிடைச்சிருச்சா? தங்கம் இருந்தா பாதி எனக்கு."

அவள் சிரித்துக்கொண்டே தாளை நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். புல்லைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"மரத்துலேந்து ரெண்டடி தள்ளிப் போட்டிருக்காரு. எந்த மரம்?"

அந்தப் புல்தரையில் மரம் இல்லை. இலை விழுந்து புல் கெட்டுவிடும் என்று வெர்ல் ஒரு செடியைக்கூட அண்டவிட்டதில்லை. வாசலில் படியும் ஒன்றுதான், மூன்றில்லை.

ரெனே தாளை வாங்கினாள். கிறுக்கல் என்று நினைத்தது ஆப்ரிகாட் மரம். அதன் கிளையிலிருந்து தொங்கிய கோட்டைப் பேனா வழுக்கியது என்று நினைத்திருந்தாள். அது கெண்டலின் ஊஞ்சல். அவர் வரைந்திருந்தது முப்பத்தொரு வருஷம் முன்பு விற்றுவிட்டு வந்த பிரைஸ் ஊர் வீட்டை.

"வெட்டிட்டாரோ என்னவோ அந்த மரத்த" என்றார் ஆல்ரெட், தரையைப் பார்த்தபடி.

"இங்க மரமே இருந்ததில்ல, பிரதர்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. தெருவோர மீட்டர் குழியின் இரும்பு மூடியைத் தூக்கி, வீட்டுக்கு வரும் மொத்தத் தண்ணீரையும் நிறுத்தினார். பித்தளைக் குழாயின் சின்னத் திருகுகளைத் திறந்ததும் உள்ளே இருந்த தண்ணீர் அவர் பூட்ஸ் மேல் வழிந்தது. ரெனே வெர்லின் பழைய மேல்கோட்டை எடுத்துவந்து குழாய்க்குச் சுற்றினாள். கோட்டின் இரண்டு கைகளையும் பின்னால் இழுத்துக் கட்டியபோது அவளுக்கு விரல் மரத்துப்போயிருந்தது.

"ராத்திரிக்கு இது தாங்கும். காலைல கம்ப்ரசரோட வரேன். வீட்ல சொட்டுத் தண்ணி வராது, எங்க வீட்டுக்கு வந்துடுங்க" என்றவர், போகும்போது குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு ஆஸ்பத்திரியில என்ன முடிவாகப்போகுதுன்னு எனக்கும் தெரியும். வால்வு மூடியாச்சுன்னு நீங்க சொன்னா மூடியாச்சுதான் சிஸ்டர். நான் வாயத் திறக்க மாட்டேன்."

அவர் தலை மறைவதற்குள் போன் அடித்தது. கெண்டல்.

"மூடியாச்சாம்மா?"

"தண்ணி நின்னுருச்சு."

"அப்பா சொன்ன இடத்துலயே இருந்துச்சா?"

ஒரே ஒரு 'ஆமா' போதும். வெர்ல் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவார். அதற்கப்புறம், அவள் கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு பிரைஸ் வீட்டு அடுப்பைத் தேடி வந்து இந்த அடுப்பின் கேஸைத் திறந்துவிடுவார். அதையும் அவளால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

"அவரு சரியாத்தான்டா காட்டியிருக்காரு" என்றாள். "பிரைஸ் வீட்டுக்கு. உன் ஊஞ்சலக்கூட விடாம போட்டிருக்காரு."

மறுமுனையில் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. வீடா இல்லமா என்று இனி அவளை யாரும் எதிர்க்க வேண்டியதில்லை, அவளும் யாரோடும் சண்டை போடப் போவதில்லை.

"நாளைக்குக் கூட்டத்துல நீயே பேசு" என்றாள் ரெனே. "என்னைக் கேட்டா நான் தலையாட்டிடுறேன்."